ஃபான்டசி பிரீமியர் லீக்: ஆட்டமில்லா வாரத்துக்கு அணியைத் தயார்ப்படுத்துவது எப்படி?

வன்னியில் காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் ஃபான்டசி பிரீமியர் லீக் ஆடுவோருக்கும் நெருக்கடி வருகிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்ட வீரர்களைக் கற்பனைப் பணத்தில் வாங்கி அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு இது. நமது அணியின் நான்கைந்து வீரர்களுக்கு ஆட்டமே இல்லாத வாரம் ஒன்று வந்து நிற்கும். அதையே பிளாங்க் வாரம் என்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் நமது உறவினர்கள் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்ட (என்.எஃப்.எல்.) ஃபான்டசியில், ஒவ்வொரு கழகத்துக்கும் 18 வாரங்களில் ஓர் ஓய்வு வாரம் உண்டு. அது எந்த வாரம் என்பது பருவம் தொடங்கும் முன்பே அட்டவணையில் வந்துவிடும். இங்கிலாந்தில் அப்படியில்லை. லீக் கிண்ண இறுதியாட்டத்துக்கோ எஃப்.ஏ. கிண்ண அரையிறுதிக்கோ ஒரு கழகம் தெரிவான பின்னரே, அதே வார இறுதியில் அதற்கிருந்த பிரீமியர் லீக் ஆட்டம் வேறு நாளுக்கு மாறுகிறது.

ஆகவே, தை மாதத்தில் லீக் கிண்ண அரையிறுதி ஆடும் நான்கு கழகங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியாட்ட வாரத்தில் அவற்றுக்கு எந்தக் கழகத்துடன் லீக் ஆட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2025 மார்ச் 16 அன்று நியூகாசிலும் லிவர்பூலும் வெம்பிளி அரங்கில் அந்த இறுதியாட்டத்தில் மோதியபோது, அவற்றை எதிர்கொள்ளவிருந்த கிறிஸ்டல் பலஸ், அஸ்டன் வில்லா ஆகியவற்றுக்கும் 29ஆம் வாரத்தில் ஆட்டமில்லாமற் போயிற்று. அன்று முன்கள வீரர் இசாக் அடித்த கோல் நியூகாசிலுக்குக் கிண்ணத்தைப் பெற்றுத்தர உதவியதே தவிர, அவரை வைத்திருந்த நமக்கு ஒரு புள்ளியும் தரவில்லை. கிண்ண ஆட்டங்கள் ஃபான்டசிக் கணக்கில் சேர்வதில்லை.

அடுத்தது இலவச மாற்றங்களை, அதாவது ஒரு வீரரை விற்று இன்னொருவரை வாங்கும் வாய்ப்புகளை, சேமிப்பது. வாரத்துக்கு ஒன்று கிடைக்கும். பயன்படுத்தாவிட்டால் ஐந்து வரை சேரும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: மாரியில் தேக்காவிட்டால் சிறுபோகத்துக்கு நீர் இராது, அளவுக்கு மேல் தேங்கினால் வான் பாய்ந்து போய்விடும். பிளாங்க் வாரத்துக்கு முந்திய மூன்று நான்கு வாரங்களில் சிறு குறைகளைப் பொறுத்துக்கொண்டு, நெடுநாள் காயமடைந்தவரை மட்டும் மாற்றுங்கள். சேமிப்பு இல்லாதபோது செய்யும் ஒவ்வொரு மேலதிக மாற்றத்துக்கும் நான்கு புள்ளிகள் கழியும். அறுபது நிமிடம் ஆடி வேறொன்றும் செய்யாத வீரர் தருவது இரண்டு புள்ளிகள் மட்டுமே என்பதால், அந்த ஒரு வாரத்துக்காக மட்டும் நான்கைச் செலவழிப்பது பெரும்பாலும் நட்டக் கணக்கு.

பதினொருவரையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். ஒரு கோல் காப்பாளர், மூன்று பின்கள வீரர், ஒரு முன்கள வீரர் என்ற கட்டாயத்தை நிறைவுசெய்து ஒன்பது பேர் உறுதியாக ஆடுவார்களானால் அது போதும் என்பது என் கணிப்பு. ஏழுக்கும் கீழே போகும் என்றால் ஃபிரீ ஹிட் என்ற சிறப்பு வாய்ப்பை எடுங்கள். அது அந்த வாரத்துக்கு மட்டும் முழு அணியையும் மாற்றிவிட்டு, மறுவாரம் பழைய அணியைத் திருப்பித் தரும்.

ஆட்டமில்லாத வீரரை விற்பதா, மாற்று வீரர் வாங்கில் இருத்துவதா என்பதே உண்மையில் கடினமான கேள்வி. மாற்றப்பட்ட ஆட்டம் முன்னுக்கு இழுக்கப்பட்டதா, பின்னுக்குத் தள்ளப்பட்டதா என்பதை வைத்தே நான் முடிவெடுக்கிறேன். 2025இல் லிவர்பூல் – வில்லா ஆட்டம் பெப்ரவரியிலேயே, 25ஆம் வாரத்தில் ஆடி முடிக்கப்பட்டது. பிளாங்க் வாரத்துக்குப் பின்னர் அந்த ஆட்டத்தால் வரவேண்டிய இலாபம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. நியூகாசில் – பலஸ் ஆட்டமோ 32ஆம் வாரத்துக்குப் போய், அந்த வாரத்தை இரு கழகங்களுக்கும் இரண்டு ஆட்டங்கள் உள்ள இரட்டை வாரமாக்கியது. நியூகாசில் அதில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4–1 எனவும் பலஸை 5–0 எனவும் வென்றது. பிளாங்க் வந்ததென்று நியூகாசில் வீரரை விற்றவர், அவரைத் திரும்ப வாங்க இன்னொரு மாற்றத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது. விலையையும் மறக்கக் கூடாது: வாங்கிய பின் ஏறிய விலையில் பாதி மட்டுமே விற்கும்போது கையில் வரும், திரும்ப வாங்குவதோ முழு விலைக்கு. ஒருமுறை இப்படி ஒரு முன்கள வீரரை விற்றுவிட்டு, மறுவாரம் 0.2 மில்லியன் காணாமல் பருவம் முடியும் வரை அவரை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காலத்தில் மணிக்கூடும் ஏமாற்றும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்து தன் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும். முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னரே அணி பூட்டப்படுவதால், அங்கே சனி 12.30க்குத் தொடங்கும் வாரங்களில் நமக்கு மாலை 4.30 ஆக இருந்த கெடு, அதன் பின்னர் 3.30 ஆகிவிடும், வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டத்துடன் தொடங்கும் வாரங்களில் நள்ளிரவு 12 மணிக்கு இருந்தது இரவு 11 ஆகும். சனிக்கிழமை பின்னேரம் வயலில் நிற்கப் போகிறவர், வெள்ளியன்று பயிற்றுநர்களின் செய்தியாளர் சந்திப்புகள் முடிந்ததும் மாற்றங்களைச் செய்து, கப்டனையும் உதவிக் கப்டனையும் ஆட்டமுள்ள கழகங்களிலிருந்து தெரிவுசெய்து வைத்துவிட்டுப் படுக்கலாம்.