'பரவாயில்லை' என்பது சம்மதமா? ஒன்ராறியோவில் தொழில் தொடங்கும் கினீசியாலஜிஸ்டுகளுக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கினீசியாலஜி (உடல் அசைவை மதிப்பிட்டு, பயிற்சிகளால் மேம்படுத்தும் துறை) 2013 ஏப்ரல் 1 முதல் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழிலாக இருந்துவருகிறது. கினீசியாலஜிஸ்ட் கல்லூரியில் பதிவு செய்தவர் மட்டுமே 'கினீசியாலஜிஸ்ட்' என்ற பட்டத்தைப் பெயருடன் இட்டுக்கொள்ளலாம். (கல்லூரி என்றாலும் அது படிப்பிக்கும் இடமன்று, பொதுமக்களின் நலனைக் காக்கும் ஒழுங்குமுறைச் சபை.) தசையை அழுத்திப் பார்த்தே ஒவ்வாமையையும் சத்துக் குறைவையும் கண்டறிவதாகச் சொல்லும், 1964இல் ஜார்ஜ் குட்ஹார்ட் தொடங்கிய 'அப்ளைட் கினீசியாலஜி' முற்றிலும் வேறானது. உங்கள் விளம்பரத்தைப் படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கருத இடம் வைக்காதீர்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது சம்மதம். 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டத்தின்படி, சிகிச்சை எத்தகையது, அதனால் எதிர்பார்க்கும் பயன் என்ன, ஆபத்துகளும் பக்கவிளைவுகளும் எவை, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் ஆகியவற்றை விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும். அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறவும் சிகிச்சை பெறுபவருக்கு உரிமை உண்டு. முதல் நாள் வரவேற்பு மேசையில் வாங்கிய கையெழுத்து இதற்கு ஈடாகாது.

தமிழர் பலர் வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பெரியவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். தோள்வலியுடன் வந்த 68 வயது அம்மாவிடம் நீங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் உடன் வந்த மகனே பதில் சொல்கிறார். கையை மெல்ல உயர்த்தி, வலிக்கிறதா என்று கேட்டால், "பரவாயில்லைத் தம்பி, செய்யுங்கோ" என்கிறார் அம்மா. அவரது மற்றக் கையோ கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றியிருக்கிறது. அந்தப் 'பரவாயில்லை' பெரும்பாலும் உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற மரியாதைதான். கையை இறக்கிவிட்டு, அவர் முகம் பார்த்து உட்கார்ந்து, "இத்துடன் நிறுத்தட்டுமா, இதைவிடக் கீழே வைத்துச் செய்யட்டுமா?" என்று கேளுங்கள்; இந்தக் கேள்விக்குப் 'பரவாயில்லை' என்று பதில் சொல்ல முடியாது. தானே புரிந்து முடிவெடுக்கக்கூடியவருக்காக மகன் சம்மதம் தர இயலாது என்பதையும் பணிவாக, ஆனால் மகனின் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். உடலின் வேறோர் இடத்தைத் தொட வேண்டியிருந்தால், எங்கே, எதற்காக என்று சொல்லி மீண்டும் கேட்க வேண்டும்.

மூட்டு எவ்வளவு அசைகிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்பதை நீங்கள் மதிப்பிட்டுச் சொல்லலாம். நோய் இன்னதென்று நிர்ணயித்து அறிவிக்கும் அதிகாரம் கினீசியாலஜிஸ்டுக்கு இல்லை. என்ன நோய் என்று எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும் குடும்ப மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதே ஆட்களைச் சந்திக்கும் சமூகத்தில் எல்லை காப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நிறுத்தி, "அம்மாவின் முழங்கால் இப்ப எப்படி?" என்று உறவினர் விசாரித்தால், அம்மாவிடமே கேட்கச் சொல்வதுதான் சரியான பதில். ஒரு விடயத்தில் மட்டும் தளர்வுக்கே இடமில்லை: சிகிச்சை பெறுபவருடன் பாலியல் உறவு கொண்டால், அவர் விரும்பியே இணங்கியிருந்தாலும் பதிவு கட்டாயமாக இரத்தாகும். தொழில்முறை உறவு முடிந்த பின்னரும் ஓராண்டுக்கு அவரைச் சட்டம் உங்கள் நோயாளியாகவே கருதும்.

வாகன விபத்துக் காப்புறுதி தொடர்பான வேலையில், பிழை வருகைப் பதிவுத்தாளிலிருந்தே தொடங்குகிறது. இன்னும் வராத நாட்களுக்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்தால் 'வேலை சுலபம்' என்று நிர்வாகத்தில் யாராவது சொல்லக்கூடும். மறுத்துவிடுங்கள். அன்றைய அமர்வு எத்தனை நிமிடம் நடந்தது, எந்தப் பயிற்சி, எத்தனை முறை, அவர் என்ன சொன்னார் என்பவற்றை அன்றே கோப்பில் எழுதுங்கள். 45 நிமிடத்துக்குத் திட்டமிட்டு 30 நிமிடத்தில் முடிந்தால் 30 என்றே எழுதுங்கள். உங்கள் பதிவு எண்ணுடன் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும் கட்டணப் பட்டியலை அனுப்புமுன் நீங்களே பார்க்க வேண்டும் என்று வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.