மாதவிடாய் சுழற்சிக்கு ஏற்ப உடற்பயிற்சியைத் திட்டமிடுதல்: நாட்களைப் பின்னோக்கி எண்ணும் முறை

மாதவிடாய் சுழற்சியை நான்கு வண்ணங்களாகப் பிரித்து, முதல் வாரம் ஓய்வு, இரண்டாம் வாரம் கடும் பயிற்சி, மூன்றாம் வாரம் மிதமான பயிற்சி, நான்காம் வாரம் யோகா என்று வகுத்துத் தரும் அட்டவணை ஒன்றை நான் ஐந்து மாதங்கள் நம்பிப் பின்பற்றினேன். உடலின் ஆற்றல் உச்சத்தில் இருக்கும் என்று அது சொன்ன நாட்களில் என் கால்கள் கனத்தன. ஓய்வெடுக்கச் சொன்ன நாட்களிலோ நன்றாக ஓட முடிந்தது. என் உடலில்தான் ஏதோ கோளாறு என்று வருந்தினேன். நான் நாட்களை எண்ணிய முறையே தவறு என்பது பிறகுதான் விளங்கியது. ஓட்டமோ எடைப்பயிற்சியோ ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் தங்கள் சுழற்சியைத் தாங்களே கணித்து, அதற்கேற்பப் பயிற்சியை மாற்றிக்கொள்ளும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: குறிப்பேட்டைத் தொடங்குதல்

செயலிகளைவிடக் காகிதக் குறிப்பேட்டையே நான் பரிந்துரைப்பேன். செயலி தன் கணிப்பை முன்கூட்டியே காட்டிவிடுவதால், இன்று சோர்வாக இருக்க வேண்டிய நாள் என்று படித்தவுடன் சோர்வு வந்துவிடுகிறது. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: சுழற்சியின் எத்தனையாவது நாள், காலை வெப்பநிலை, எழுவதற்கு முன் நாடித்துடிப்பு, தூக்கம், செய்த பயிற்சி, அது எவ்வளவு கடினமாகத் தோன்றியது என்பதற்கு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். உதிரப்போக்கு முழுமையாகத் தொடங்கும் நாளே முதல் நாள். அதற்கு முன் ஓரிரு நாட்கள் தென்படும் லேசான கறையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் படி: கருமுட்டை வெளிப்படும் நாளைக் கண்டறிதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கருமுட்டை 14-ஆம் நாளில் வெளிப்படும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது என் மனதில் அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கணக்கு 28 நாள் சுழற்சிக்குரியது. ஆனால் பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாட்கள் வரையிலான சுழற்சி இயல்பானதே. சுழற்சி நீளும்போதும் குறையும்போதும் பெரும்பாலும் மாறுவது கருமுட்டை வெளிப்படுவதற்கு முந்தைய பகுதியே. அது வெளிப்பட்டதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான பகுதி பலருக்கு ஏறத்தாழ 12 முதல் 14 நாட்களாகவே இருக்கும். ஆகவே முதல் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவதைவிட, அடுத்த மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே உண்மைக்கு நெருக்கமானது. என் சுழற்சி 33 நாட்கள். அதில் 14-ஐக் கழித்தால் 19. அட்டவணை எனக்குச் சொன்ன எல்லாமே ஐந்து நாட்கள் பிசகியிருந்தன.

இந்தக் கணக்கும் ஓர் உத்தேசமே என்பதால், அதைக் காலை வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், ஓய்வு நிலையில் உள்ள உடலின் வெப்பத்தைச் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. உயர்வு இவ்வளவு சிறியதாக இருப்பதால், இரண்டு தசம இடங்கள் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையே வாங்குங்கள். கண் விழித்தவுடன், எழுந்து நடமாடுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் முன், படுக்கையிலேயே நாவின் அடியில் வைத்து அளக்க வேண்டும். முதல் மாதம் நான் பல் துலக்கிய பிறகு அளந்ததால், வரைபடம் மேடும் பள்ளமுமாக வந்து எதையும் உணர்த்தவில்லை. தொடர்ந்து மூன்று நாட்களின் வெப்பநிலை அதற்கு முந்தைய ஆறு நாட்களின் அளவுகளை விட உயர்ந்து, அந்த உயர்வு 0.2 டிகிரியை எட்டினால், கருமுட்டை வெளிப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: மூன்று சுழற்சிகள் முடியும் வரை பயிற்சியை மாற்றாமல் கவனித்தல்

பொறுமையைச் சோதிக்கும் படி இது. முதல் மாதத்திலேயே பயிற்சியை மாற்றினால், பலன் சுழற்சியால் வந்ததா, மாற்றத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. உதிரப்போக்கின் முதல் நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு பெண் ஹார்மோன்களும் குறைந்திருக்கும். கருமுட்டை வெளிப்படும் முன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொடும். பின்பாதியில் இரண்டும் உயர்ந்து, அடுத்த மாதவிடாய் நெருங்கும்போது சரியும். பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் மூச்சின் வேகத்தைத் தூண்டுவதால், அதே வேகத்தில் ஓடினாலும் மூச்சு வாங்குவதுபோல் தோன்றும். வியர்வை சற்று அதிக உடல் வெப்பத்தில்தான் தொடங்கும் என்பதால், வெப்பமான சூழலில் நீண்ட ஓட்டம் கூடுதல் சிரமம் தரும்.

78 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மாதவிடாயின் தொடக்க நாட்களில் செயல்திறன் சராசரியாக மிகச் சிறிதளவே குறையக்கூடும் என்றும், ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது என்பதால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே அணுக வேண்டும் என்றும் முடிவு கூறியது. பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2002-இல் சிகாகோவில் மாரத்தான் உலக சாதனை படைத்தது மாதவிடாய் வலியுடன்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், தொடர் நீச்சல் போட்டி முடிந்ததும், மாதவிடாய் தொடங்கியதால் களைப்பாக இருந்ததைத் தயங்காமல் சொன்னார். இருவர் அனுபவமும் உண்மையே. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் குறிப்பேடுதான் காட்ட வேண்டும்.

குறிப்புகளைப் படிக்கும்போது, இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். சென்ற சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிடுங்கள். பின்பாதியில் ஓய்வுநிலை நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சில துடிப்புகள் கூடுவது இயல்பு. கைக்கடிகாரம் அதைப் பார்த்து, உடல் மீளவில்லை என்று எச்சரிக்கும். அதை நம்பி நான் தேவையின்றிக் கைவிட்ட பயிற்சிகள் பல. மாதவிடாயை ஒட்டி உடலில் நீர் தங்குவதால் எடை கூடிக் காட்டுவதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: பயிற்சியைச் சிறிதளவே மாற்றுதல்

மூன்று சுழற்சிகளிலும் ஒரே கட்டத்தில் திரும்ப வந்த சிரமத்துக்கு மட்டும் இடம் கொடுங்கள். என் குறிப்பேட்டில் அப்படித் தென்பட்டவை இரண்டே: மாதவிடாய்க்கு முந்தைய மூன்று நாட்களில் கெடும் தூக்கம், முதல் நாள் வலி. அந்த மூன்று நாட்களில் எடையைக் குறைக்காமல், செட்களின் எண்ணிக்கையை மட்டும் நான்கிலிருந்து இரண்டாக்குகிறேன். வேக ஓட்டத்தை மாதவிடாயின் மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்கிறேன். பின்பாதியின் நீண்ட ஓட்டங்களை விடியற்காலையில் வைத்து, வேகத்தைக் கடிகாரத்தால் அல்லாமல் மூச்சால் கட்டுப்படுத்துகிறேன். முதல் நாளில் நடையும் இடுப்பைத் தளர்த்தும் பயிற்சிகளும் எனக்கு இதம் தருகின்றன. கருப்பையைச் சுருங்கச் செய்து வலியூட்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளின் சுரப்பைக் குறைத்து வலியைத் தணிக்கும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீண்ட ஓட்டத்துக்கு முன் எடுப்பதை நான் தவிர்க்கிறேன். நீரிழப்பும் சேர்ந்தால் அது சிறுநீரகங்களுக்குச் சுமை.

ஐந்தாம் படி: சுழற்சியின்மேல் சுமத்தக் கூடாதவை

மாதவிடாய்க்குப் பிந்தைய வாரத்தில் படியேறினாலே களைப்பதை நெடுநாள் ஹார்மோன் மாற்றம் என்றே கருதியிருந்தேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைந்திருந்தது. சிகிச்சை பெற்ற சில மாதங்களில் அந்தக் களைப்பு விலகியது. உதிரப்போக்கு அதிகமாக உள்ளவர்கள் ஃபெரிட்டினையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோவதை உடல்தகுதியின் அடையாளமாக எண்ணவே கூடாது. செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு சேராதபோது உடல் இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பின் அடர்த்தியும் அதனால் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. கருவுறாமலே மூன்று மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் எழுதிய சிக்கல்கள் இரண்டு. கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு வெப்பநிலை உயர்வு தெரியவில்லை. அவர்களுக்குக் கருமுட்டை வெளிப்படுவது தடுக்கப்படுகிறது. மாத்திரை இடைவெளியில் வரும் உதிரப்போக்கு இயற்கைச் சுழற்சியின் மாதவிடாய் அன்று. எனவே இரண்டாம் படியை விட்டுவிட்டு, மாத்திரை அட்டையின் நாளைக் குறித்துக்கொண்டு மற்றவற்றைத் தொடரலாம். சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) உள்ள ஒருவருக்கு, கருமுட்டை வெளிப்படத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் உயர்வதைக் காட்டும் சோதனைப் பட்டை பல நாட்கள் தொடர்ந்து கோடு காட்டியிருக்கிறது. அந்நிலையில் எல்.எச். எப்போதும் உயர்ந்திருக்கலாம் என்பதால், பட்டையை நம்பாமல் வெப்பநிலை உயர்வுக்காகக் காத்திருங்கள். சுழற்சி முழுவதும் உயர்வே வராவிட்டால், அந்தப் பக்கங்களை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.