செடித் தொட்டிக்கு சிஓ2: வாங்க வேண்டிய வரிசை

மீன்தொட்டிச் செடிகளுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும், வாயுவைப் பொடிக் குமிழ்களாகத் தண்ணீரில் விடும் அழகான கண்ணாடி டிஃப்யூசரை முதலில் வாங்கிவிடுகிறார்கள். சிலிண்டர் கடைசியில்தான் வருகிறது. என் அனுபவத்தில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கேஸ் நிரப்பித் தரும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அவர்கள் ஏற்கும் சிலிண்டர் அடுத்தது, அதில் சரியாக உட்கார்ந்து வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் அதற்கடுத்தது. மீதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சென்னை வீடு ஒன்றில் இரண்டடித் தொட்டி, சுமார் 65 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மட்டும் வளர்ப்பதாக இருந்தால் சிஓ2 தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஃபில்டர் வாங்குங்கள். தரையில் படரும் செடிகளும் சிவப்புத் தண்டுச் செடிகளும் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வீட்டிலேயே சிஓ2 எடுக்கும் பாட்டிலை நான் பரிந்துரைப்பதில்லை. ராத்திரியில் அதை நிறுத்த முடியாது, வெயில் ஏறினால் வேகமும் ஏறும். சிட்ரிக் ஆசிட், ஆப்ப சோடா கிட் அதைவிடக் கட்டுப்பாடானது. ஆனால் 200 கிராம் ஆப்ப சோடா முழுவதும் கரைந்து வினைபுரிந்தாலும் கிடைப்பது சுமார் 105 கிராம் வாயுதான். 20 லிட்டர் குட்டித் தொட்டிக்கு அது போதும். 65 லிட்டருக்கு அடிக்கடி கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

1. கேஸ் நிரப்பும் இடம்

கருவிகள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலோ ஆன்லைனிலோ கிடைத்துவிடும். கேஸுக்கு வெல்டிங் கேஸ் ஏஜென்சி, சோடா தயாரிப்பவர்களுக்கு சப்ளை செய்கிறவர்கள், தீயணைப்பான் சர்வீஸ் கடை என்று விசாரிக்க வேண்டும். என் சிலிண்டரையே நிரப்பித் தருவீர்களா, மாற்றுச் சிலிண்டர் தருவீர்களா, வால்வின் மரை அளவு என்ன என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்று சோதனைக் காலம் தாண்டாத சிலிண்டரைத்தான் நிரப்ப வேண்டும். ஆன்லைனில் பளபளவென்று வரும் வெளிநாட்டு அலுமினியச் சிலிண்டரை இதைக் கேட்காமல் வாங்கினால், நிரப்ப ஆளில்லாமல் மூலையில் கிடக்கும்.

2. சிலிண்டர்

இரண்டு கிலோ அளவு எனக்குப் பிடித்தது. தொட்டி ஸ்டாண்டுக்குள் நிற்கும், அடிக்கடி தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். கழுத்தில் காலி எடையும் சோதனைத் தேதியும் பொறித்திருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பியதும் அங்கேயே எடை போட்டுப் பாருங்கள். "கொஞ்சம் கூடவே போட்டுத் தரேன் சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் ஆபத்து.

பழைய தீயணைப்பானை மாற்றிப் பயன்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். அதற்குள் அடிவரை ஒரு குழாய் போகும். நிமிர்த்தி வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியேறி ரெகுலேட்டரைக் கெடுக்கும். சாதாரண சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் இதேதான் நடக்கும்.

இன்னொன்று, சிலிண்டரை மூடிய ஏசி படுக்கையறையில் வைக்க வேண்டாம். இரண்டு கிலோவும் கசிந்தால் ஏறக்குறைய 1,100 லிட்டர் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறையில் அது காற்றில் 4 சதவீதம் வரை வரும். அது உயிருக்கு ஆபத்தான அளவு.

3. மரை

நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான், நீங்களும் அவசரப்படாதீர்கள்.

சந்தையில் கிடைக்கும் ரெகுலேட்டர்களின் நட் மூன்று வகை: சிஜிஏ 320, டபிள்யூ 21.8, ஜி 5/8. வால்வு மரையின் வெளிவிட்டம் முறையே சுமார் 21, 21.8, 22.9 மில்லிமீட்டர். மூன்றிலுமே ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றின் நட் இன்னொன்றில் கொஞ்சம் ஏறுவதுபோலத் தெரியும். பெரிய நட்டைச் சின்ன வால்வில் மாட்டினால் லொடலொடவென்று கடைசிவரை கூடப் போகும். மரையின் நுனி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நட்டை, உள்ளேயிருக்கும் 60 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 60 மடங்கு) அழுத்தம் ஒரு நொடியில் பிடுங்கி எறியும்.

வெர்னியர் காலிப்பரால் வால்வை அளந்து, அதன்பிறகு ரெகுலேட்டர் ஆர்டர் செய்யுங்கள். சரியான நட் கையாலேயே ஆட்டமில்லாமல் ஏறும், கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர் போதும். அளவு ஒத்துவராவிட்டால் லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து வாங்காதீர்கள். சோதிக்காத பித்தளைத் துண்டை இந்த அழுத்தத்தில் நம்ப முடியாது.

இங்கே டெஃப்லான் டேப்புக்கு வேலையில்லை. கசிவைத் தடுப்பது நட்டுக்குள் இருக்கும் வாஷர். கேஸ் நிரப்பி வரும்போதெல்லாம் அதைப் பாருங்கள், அமுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. ரெகுலேட்டர்

பணத்தை இதில் போடுங்கள். விளம்பரத்தில் "டூயல்" என்று இருந்தால் எது டூயல் என்று கேளுங்கள். இரண்டு கேஜ் (அழுத்தம் காட்டும் முள்) இருப்பது வேறு, இரண்டு ஸ்டேஜ் (அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைப்பது) இருப்பது வேறு. ஒற்றை ஸ்டேஜில், சிலிண்டர் தீரும் சமயம் வெளிவரும் அழுத்தம் திடீரென்று ஏறலாம், ஒரே ராத்திரியில் மீன்கள் செத்துவிடலாம். இரண்டு ஸ்டேஜ் விலை அதிகம், ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். ஒற்றை ஸ்டேஜ்தான் முடியுமென்றால், சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் இறங்கத் தொடங்கியதுமே சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.

அந்த முள் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. உள்ளே திரவம் இருக்கும்வரை 25 டிகிரியில் சுமார் 64 பாரிலேயே நிற்கும். 31 டிகிரிக்கு மேல் போனால் திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, மே மாதத்தில் முள் வெயிலோடு ஏறி இறங்கும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள எடைதான் வழி.

வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சோலினாய்டு 12 வோல்ட் டிசியாக இருக்கட்டும், 230 வோல்ட் காயில் அதிகமாகச் சூடாகிறது. டைமரில் போட்டு, விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி, அணைவதற்கு ஒரு மணி முன்பு நிறுத்துங்கள்.

5. மிச்சச் சாமான்கள்

டியூப் பாலியூரித்தேன், ஏனென்றால் சிலிக்கான் வழியே வாயு கசிகிறது. செக் வால்வு உலோகத்தில். சோலினாய்டு மூடியதும் தொட்டித் தண்ணீர் ரெகுலேட்டருக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். டிஃப்யூசர் ஸ்டீலோ அக்ரிலிக்கோ, செராமிக் தட்டைக் கழற்ற முடிந்தால் போதும். கண்ணாடி கழுவும்போது உடைகிறது.

6. திறப்பது

ரெகுலேட்டரில் அழுத்தத்தைத் திருகும் பிடியைத் தளர்த்தி, வாயுவின் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வை மூடி, சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். அழுத்தத்தை 1.5 முதல் 2 பாருக்குள் வையுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை வராவிட்டால் ஊசி வால்வைத் திறந்து, நொடிக்கு ஒரு குமிழில் தொடங்குங்கள். செராமிக் தட்டு நனைந்து குமிழ் விட நேரமாகும், அவசரப்பட்டு வால்வைத் திருகாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே நிறுத்தி ஏர் பம்ப் போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு.

பின்சேர்க்கை

குமிழை எவ்வளவு கூட்டியும் டிராப் செக்கர் (தண்ணீரில் சிஓ2 எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சிறு கருவி) நீலமாகவே இருக்கிறது என்று கருத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், அதில் தொட்டித் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். கருவி 4 டிகேஎச் கரைசலுக்காகக் கணக்கிடப்பட்டது (கேஎச் என்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை, டிகேஎச் அதன் அலகு). அதில் பச்சை என்றால் பிஎச் 6.6, சிஓ2 சுமார் 30 பிபிஎம். போர் தண்ணீரில் கேஎச் 12 இருந்தால் அதே பிஎச் 6.6 வரும்போது சிஓ2 சுமார் 90 பிபிஎம் ஆகியிருக்கும். நிறம் மாறக் காத்திருப்பதற்குள் மீன்கள் போய்விடும். 4 டிகேஎச் கரைசலைப் பாட்டிலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால், வால்வைத் தொட்டபின் அவ்வளவு நேரம் விட்டுப் பார்த்து அடுத்த திருப்பம்.