மூளையிலேயே கடவுள் நம்பிக்கை இருக்கிறதா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி

"மனித மூளை பிறவியிலேயே கடவுளை நம்பும்படி அமைந்தது" என்று யாராவது சொன்னால், ஆமாம் இல்லை என்பதற்கு முன் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று விஷயங்கள் இருக்கின்றன: அசைவுக்குப் பின்னால் யாரோ இருப்பதாகத் தோன்றுவது, எல்லாவற்றுக்கும் நோக்கம் தேடுவது, உடல் போனாலும் மனம் மிஞ்சும் என்று எண்ணுவது. மூன்றையும் தனித்தனியாகத்தான் சோதிக்க முடியும்.

முதலாவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1944இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் 34 பேர். வெறும் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதியவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அவற்றை உயிருள்ளவையாகவே பார்த்தார்கள்.

இரண்டாவதுக்குத்தான் பொறுமை வேண்டும். கூரான பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று உளவியலாளர் டெபோரா கெலமன் அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டார். மண்ணும் துகளும் நெடுங்காலம் சேர்ந்ததால் என்பதைவிட, விலங்குகள் உடம்பைச் சொறிந்துகொள்வதற்காக என்ற பதிலே சிறு குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. இதை நீங்களும் செய்யலாம். 12 அட்டைகள் போதும்; ஒவ்வொன்றையும் வாசித்து, ஆமாமா இல்லையா என்று கேளுங்கள். நான்கில் பாறை, மழை, மலை போன்றவற்றுக்குப் பொய்யான நோக்கம். நான்கில் உண்மையான நோக்கம் ("கத்தரிக்கோல் இருப்பது வெட்டுவதற்காக"). நான்கில் அபத்தமான நோக்கம் ("குடை இருப்பது எழுதுவதற்காக"). கடைசி நான்கை விட்டுவிடாதீர்கள். எதைக் கேட்டாலும் தலையாட்டும் குழந்தையை அவைதான் காட்டிக்கொடுக்கும். குடைக்கும் ஆமாம் சொன்னால் அந்தக் குழந்தையின் பதில்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கெலமனைப் போல நேரடியாகத் தமிழில் கேள்வி கேட்கும்போது பெரும்பாலும் சறுக்குவது கேள்விச் சொல்லில். "பாறை எதற்கு கூராக இருக்கிறது?" என்று கேட்டாலே நோக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொடுத்தாயிற்று. "எதனால்" என்றால் காரணத்தைத் தூக்கிக் கொடுக்கிறோம். "ஏன்" ஒன்றுதான் இரண்டுக்கும் இடம் விடும். அட்டைகளை ஒவ்வொருவருக்கும் கலைத்துப் போடுங்கள். என்ன பதிலை எதிர்பார்க்கிறோம் என்று தெரியாத ஒருவர் கேள்வி கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் முகம் பதிலைச் சொல்லிவிடும்.

பெரியவர்களுக்கு ஒரே மாற்றம்: அட்டைக்கு மூன்று விநாடிதான். அவசரப்படுத்தினால் படித்தவர்களும் பொய்யான நோக்கங்களுக்கு அதிகம் தலையாட்டுகிறார்கள். அவசரமில்லாமல் பதில் சொல்லும் இன்னொரு குழுவையும் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு குழுவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவதை, அதாவது உடல் போனாலும் மனம் மிஞ்சும் என்ற எண்ணத்தை, சோதிப்பது கடினம், சூழலே பதிலை மாற்றிவிடுகிறது. ஹாரிஸ், ஹிமேனஸ் என்ற ஆய்வாளர்கள் ஸ்பெயின் குழந்தைகளுக்கு ஒரு மரணத்தைப் பற்றி இரண்டு கதைகள் சொன்னார்கள். ஒன்றில் மருத்துவர் வருவார், மற்றதில் பாதிரியார். இறந்தவரின் உடலும் மனமும் இன்னும் வேலை செய்வதாகச் சொன்ன பதில்கள் பாதிரியார் கதைக்குப் பிறகே அதிகம். ஆகவே சோதனைக்கு முன் மதம் பற்றிய பேச்சே வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் இருப்பது மனச்சாய்வுக்கான சான்று. நம்பிக்கைக்கான சான்று அல்ல. எந்தக் கடவுள், எந்த வழிபாடு என்பதெல்லாம் குழந்தை சுற்றியிருப்பவர்களிடமிருந்து கற்பது. பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் மானுடவியலாளர் மார்கரெட் மீட் ஆராய்ந்தபோது, பெரியவர்கள் ஆவிகளை நம்பினார்கள்; குழந்தைகளிடம் அந்தச் சிந்தனையை அவர் காணவில்லை. பக்தியுள்ள வீட்டுக் குழந்தைகளை மட்டும் சோதித்துவிட்டுப் பிறவிக் குணம் என்று எழுதுவது பெரும் பிழை.

யாராவது மூளை ஸ்கேனை ஆதாரமாக நீட்டினால், வாசிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தோன்றி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகள்தான். ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்களின் மூளையில் ஏறக்குறைய ஒரே இடம் சொற்களுக்கு வேலை செய்கிறது. கற்றதும் மூளையில் தனி இடம் பிடிக்கும். 2006இல் கார்மலைட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் 15 கன்னியாஸ்திரிகளின் மூளையை ஆராய்ந்தபோதோ, கடவுள் அனுபவத்துக்கென்று தனி இடம்கூட அகப்படவில்லை. பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. படத்தைக் காட்டுபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதே பகுதிகள் வேறு எந்தெந்த வேலைக்கு இயங்குகின்றன?