சார்ஜிங் பாயின்ட் இல்லாத இடத்தில் மின்காருக்கு காஸ் ஜெனரேட்டர்: முதல்முறை செய்பவர்களுக்கான வழிமுறை

மின்கார் வாங்கிய பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும்: டிக்கியில் ஒரு சின்ன ஜெனரேட்டரைப் போட்டு, ஓட ஓடவே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் என்ன? முடியாது. சார்ஜிங் பிளக் செருகியிருந்தால் கார் நகரவே நகராது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதை ஏமாற்றினாலும் பயனில்லை. 100 கி.மீ. வேகத்தில் ஒரு சாதாரண மின்கார் 15 முதல் 20 கிலோவாட் வரை இழுக்கும்; இரண்டு பேர் தூக்கக்கூடிய ஜெனரேட்டர் தருவது 2 அல்லது 3 கிலோவாட். அதோடு, மூடிய டிக்கிக்குள் எஞ்சின் ஓடினால் உள்ளே இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து.

ஓடும்போதே ஏற்ற வேண்டுமென்றால் அதை வண்டியோடு சேர்த்தே கட்ட வேண்டும். பிஎம்டபிள்யூ ஐ3 காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மாடலில், ஓடும்போதே பேட்டரிக்கு மின்சாரம் தருவதற்கென்று 647 சிசி எஞ்சின் இருந்தது. 1990களில் ஏசி புரபல்ஷன் நிறுவனம் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 20 கிலோவாட் டிரெய்லரே செய்தது. அதெல்லாம் பொறியாளர்கள் வேலை. நாம் செய்யப்போவது எளிமையானது: காரை நிறுத்திவைத்து, அடுத்த சார்ஜர் வரை போகும் அளவுக்கு ஏற்றிக்கொள்வது.

படி 1: கணக்கு போடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் கார் 100 கி.மீ.க்கு 15 யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் போனால் ஒரு யூனிட்). 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஏற்றினால் ஜெனரேட்டரிலிருந்து 2.3 கிலோவாட் போகும். சார்ஜர் இழப்பு, கார் விழித்திருக்கச் செலவாகும் மின்சாரம் எல்லாம் கழித்தால் பேட்டரியில் சேர்வது மணிக்கு 2 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது சுமார் 13 கி.மீ. நாற்பது கி.மீ. வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எரிபொருள்? ஒரு கிலோ எல்பிஜியில் ஏறக்குறைய 12.8 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக கிலோவுக்கு இரண்டரை யூனிட். மூன்று மணி நேரத்துக்கு மூன்று கிலோ காஸ் வரை ஆகும். அதே காஸை எல்பிஜியில் ஓடும் ஒரு சாதாரண காரில் எரித்தால் இன்னும் அதிக தூரம் போகலாம். எனவே இது சிக்கனத்துக்கான வழி இல்லை, மாட்டிக்கொண்டால் தப்பிப்பதற்கான வழி. தினமும் இது தேவைப்படுகிறது என்றால் பெரிய பேட்டரி உள்ள காரைப் பாருங்கள்.

படி 2: எரிபொருளைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை எல்பிஜிதான். பெட்ரோல் போல மாதக்கணக்கில் கிடந்து கார்புரேட்டரை அடைக்காது.

எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குதான். பெட்ரோல் ஜெனரேட்டரில் அப்படியே ஊற்றினால் எஞ்சினுக்கு எரிபொருள் போதாமல் திணறும். கார்புரேட்டர் ஜெட்டை (எரிபொருள் பாயும் சின்னத் துளை) மாற்ற வேண்டும், ரப்பர் பாகங்களும் தாங்க வேண்டும். பயோடீசல் டீசல் ஜெனரேட்டரில் நன்றாக ஓடும், ஆனால் எடை அதிகம், குளிரில் கெட்டியாகும். சாண எரிவாயு வீட்டில் கலன் இருப்பவர்களுக்குச் சரி. ஹைட்ரஜன் சல்ஃபைடை வடிகட்டாவிட்டால் எஞ்சினை அரித்துவிடும், காரில் எடுத்துப்போகவும் முடியாது.

படி 3: ஜெனரேட்டர் வாங்கும்போது

இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும், அதாவது மின்சாரத்தை மின்னணு முறையில் சீராக்கித் தரும் ஜெனரேட்டர். சாதாரண வகையில் லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஃபிரீக்வென்சியும் ஆடும். காரின் சார்ஜர் அதைப் பார்த்துப் பாதியில் நின்றுவிடும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது சில நொடிகளுக்கான உச்ச அளவு. தொடர்ந்து ஓடும் அளவைப் பாருங்கள், அதில் 80 சதவீதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். காஸில் ஓட்டும்போது பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் திறன் குறையும். மலைப்பகுதியில் இன்னும் குறையும். 10 ஆம்பியருக்கு, காஸில் தொடர்ந்து 3 கிலோவாட் தரக்கூடியது வசதி.

படி 4: எர்த் சிக்கல்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லாம் சரியாக இருக்கும், ஜெனரேட்டர் ஓடும், ஆனால் சார்ஜிங் கேபிளின் நடுவில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். காரணம், பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது. எர்த் இல்லை என்று அந்தப் பெட்டி முடிவு செய்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது.

நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகினால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று கையேட்டைப் பார்த்து, எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டி அந்த பிளக்கைச் செய்து வாங்குங்கள். அந்த பிளக் இருக்கும்போது ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்கக் கூடாது. சிவப்பு விளக்கைத் தவிர்க்க எர்த் பின்னைக் கழற்றி விளையாடுவது வேண்டவே வேண்டாம்.

படி 5: இடம்

திறந்த வெளி, சமமான தரை, மழை படாத இடம். சரிவில் வைத்தால் ஆயில் குறைவு சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும். புகைக்குழல் காருக்கும் ஆட்களுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து தூங்கவே கூடாது, கட்டடத்தின் கதவு ஜன்னலிலிருந்து ஜெனரேட்டர் குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரை நிமிர்த்தி, ஜெனரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

படி 6: ஏற்றுவது

ஸ்டார்ட் செய்து சில நிமிடம் லோடு இல்லாமல் ஓட விடுங்கள். ஜெனரேட்டரில் சிக்கன மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். காரின் திரையிலோ கேபிள் பெட்டியிலோ மின்னோட்டத்தை 6 ஆம்பியருக்கு வைத்துச் செருகுங்கள். சார்ஜிங் விதிமுறையில் மிகக் குறைந்த அளவு அதுதான். கார் மெல்ல மெல்ல இழுக்கத் தொடங்கும், எஞ்சின் சத்தம் ஒரு படி கனத்து, பிறகு சீராகும். சீரானதும் 8, அப்புறம் 10. சத்தம் ஏறி இறங்கி ஊசலாடினால் ஒரு படி குறையுங்கள். 6 ஆம்பியரிலேயே விட்டுவிட்டால் காரின் சொந்தச் செலவே கணிசமான பங்கைத் தின்றுவிடும். மணிக்கு 6, 7 கி.மீ. கிடைத்தால் அதிகம்.

சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் பனி படர்ந்தால் பயப்பட வேண்டாம். திரவம் வாயுவாகும்போது குளிர்கிறது, அவ்வளவுதான். ஆனால் அழுத்தம் குறைந்து எஞ்சின் திணறினால் பெரிய சிலிண்டர் தேவை. தீயோ வெந்நீரோ கொண்டு சூடாக்காதீர்கள்.

படி 7: நிறுத்துவது

முதலில் காரில் சார்ஜிங்கை நிறுத்துங்கள், பிளக்கை எடுங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் மீதியிருக்கும் காஸ் எரிந்து எஞ்சின் தானே நிற்கும். ஆறிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். சிலிண்டரை மூடிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். புது எஞ்சின் என்றால் பல மாடல்களில் முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்திலேயே வந்துவிடும். கையேட்டில் பார்த்துக் குறித்துவையுங்கள்.