ஹாக்கிங் ஹில்ஸில் அருவி பார்க்க மழைக்கு மறுநாள் காலை போங்கள்

அமெரிக்காவில் ஒஹாயோவின் ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். முதலில் ஆஷ் கேவ் என்ற குகைக்கு. அங்குள்ள அருவிக்கு நீர் தருவது சின்ன ஓடைதான்; கோடைக் கடைசியில் அது நூலாக இளைத்துவிடும். சுமார் 90 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்க்க மழையின் மிச்சம் வேண்டும்.

இங்குள்ள பிளாக் ஹேண்ட் என்ற மணற்கல்லில் மேலடுக்கு கெட்டி, நடு அடுக்கு இளக்கம். இளகியது அரித்துப்போய்த்தான் குகை வந்தது, கெட்டியான விளிம்பு கூரைபோல முன்னால் நீட்டி நிற்கிறது. அதனால் தண்ணீர் பாறையில் வழியாமல் நேராக விழும், பின்னால் நனையாமல் நிற்கலாம். பள்ளத்தாக்குப் பாதைக்குத் தளம் போட்டிருப்பதால் சேறும் இல்லை. நுழைவுக்கும் வண்டி நிறுத்தவும் காசு கிடையாது.

இந்த யோசனை குளிர்காலத்துக்குச் சரிவராது. ஹெம்லாக் மரநிழலில் பனிக்கட்டி லேசில் உருகாது, இதே பூங்காவிலுள்ள ஓல்டு மேன்ஸ் கேவ் என்ற இன்னொரு குகையின் படிகள் வழுக்கும். அப்புறம், ஈரத்தில் மேல்விளிம்புப் பாதைகள் வேண்டவே வேண்டாம்.