குடல் பத்தியத்தில் இருப்பவருக்குச் சாசேஜும் டின் கறியும் கருவாடும் வாங்குவது எப்படி

என் மகனுக்குக் குரோன் நோய்; குடலில் நீண்டகாலம் அழற்சியும் புண்ணும் வரும் நோய். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு, உணவு நிபுணர் மேற்பார்வையில் எஸ்.சி.டி. (ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்) என்கிற பத்தியமும் இருக்கிறான். சோறு, கோதுமை, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. கிழங்கும் மீன்குழம்பும் தின்று வளர்ந்த குமரி மாவட்டத்துப் பையனுக்கு மரச்சீனியும், அதாவது மரவள்ளிக்கிழங்கும், கூடாது என்றால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீனி, கருப்பட்டி, பால் எல்லாம் விலக்கு. இறைச்சி, மீன், முட்டை, பெரும்பாலான காய்கறிகள், தோலில் கரும்புள்ளி விழும்வரை பழுத்த வாழைப்பழம், 24 மணி நேரம் புளிக்க வைத்த வீட்டுத் தயிர், தேன் ஆகியவை தட்டில் வரும்.

கறியும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றால் சாசேஜும் சாப்பிடலாம்தானே என்று யாருக்கும் தோன்றும். பத்தியம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். பாக்கெட் கறி முழுக்கக் கறி அல்ல. மாவும் சீனியும் பால்பொடியும் அதற்குள் கறியின் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சமைக்கும் எல்லாருக்கும் இது கைகொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்தப் பத்தியத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1924-இல், கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கியமாக வைத்து எழுதிய உணவுமுறையிலிருந்து வளர்ந்தது இது. 1950-களில் அவரிடம் தன் மகளின் பெருங்குடல் புண்ணுக்காகப் போன எலைன் காட்ஷால் என்ற தாய், பிறகு தானே உயிர்வேதியியல் படித்து இதைப் பரப்பினார். மாவுச்சத்தும் இரட்டைச் சர்க்கரைகளும் சரியாகச் செரிக்காமல் குடலில் தங்கினால் கிருமிகளுக்குத் தீனியாகிவிடும் என்பது இதன் வாதம். அதனால்தான் சீனியையும் பாலிலுள்ள லாக்டோஸையும் தடுக்கிறார்கள்; ஒற்றைச் சர்க்கரைகளே அதிகமுள்ள தேனை அனுமதிக்கிறார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு குரோன் நோயாளிகளிடம் இதையும் மத்தியதரைக்கடல் உணவுமுறையையும் ஒப்பிட்டது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்களுக்குத் தொந்தரவு குறைந்தது. இது அதைவிட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆகவே பத்தியத்தை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்வேன்.

சரி, கடைக்கு வருவோம்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பெரிய கடையின் ப்ரீசரிலிருந்து ஒரு சிக்கன் சாசேஜ் பாக்கெட்டை எடுத்தால் முதலில் பின்பக்கம் திருப்புங்கள். 'அசல் கோழிக்கறி', 'சீனி சேர்க்காதது' என்று முன்பக்கம் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பின்பக்கத்தில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும் என்பது சட்டம். கறிக்கு அடுத்து தண்ணீர், அதற்கு அடுத்து சோயா புரோட்டீன், ஸ்டார்ச் என்று வரிசை போனால், கறிக்காசு கொடுத்துத் தண்ணீரும் மாவும் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது, சத்துக்கள் அட்டவணையில் கார்போஹைட்ரேட் என்ற வரி. என் அனுபவத்தில் இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. கோழி, மாடு, ஆடு, மீன் எதன் சதையிலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியிருக்க 100 கிராம் சாசேஜில் 5 கிராம் கார்போஹைட்ரேட் என்று போட்டிருந்தால் அந்த 5 கிராம் கோழியிலிருந்து வரவில்லை. யாரோ போட்டது. நக்கெட்ஸ், கட்லெட், கபாப் மாதிரி மாவில் புரட்டியவற்றில் இது இன்னும் எகிறும். அவற்றைப் படித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். ஈரலுக்கும் சிப்பிக்கும் மட்டும் விதிவிலக்கு. இரண்டிலும் இயற்கையாகவே 3, 4 கிராம் இருக்கும். குளச்சல் பக்கத்துச் சிப்பி வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்த வரி ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. வளைகுடாவிலிருந்து என் கொழுந்தன் வரும்போதெல்லாம் பெட்டியில் டின்கள் இருக்கும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். அதில் கார்ன்டு பீஃப் டின்னைப் பாருங்கள்: மாட்டிறைச்சி, உப்பு, சீனி, சோடியம் நைட்ரைட் என்று இருக்கும். கார்போஹைட்ரேட் வரியில் பூஜ்யம் என்றோ ஒன்றுக்கும் கீழே என்றோ போட்டிருப்பார்கள். சீனி சிறிதளவுதான் என்பதால் எண் முழுமையாக்கலில் மறைந்துவிடும். பட்டியலில் மட்டும்தான் தெரியும். லஞ்சியன் மீட் டின்னில் பெரும்பாலும் ஸ்டார்ச்சே வெளிப்படையாக இருக்கும். சூரை மீன் டின் நல்லது, ஆனால் எண்ணெயிலோ உப்புத்தண்ணீரிலோ போட்டதாக இருக்க வேண்டும். 'வெஜிடபிள் பிராத்' (காய்கறி வேகவைத்த சாறு) என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அதில் சோயா கலந்திருப்பது வழக்கம். தக்காளி சாஸில் வரும் சாளை டின்னிலும் சீனியோ ஸ்டார்ச்சோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாவும் சீனியும் மாறுவேடத்தில் வரும் பெயர்கள்: மாடிஃபைடு ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப், ரஸ்க் தூள், பிரெட் கிரம்ப்ஸ். 'டாப்பியோக்கா ஸ்டார்ச்' என்றால் நம் மரச்சீனி மாவுதான். பால் வகையில் வே பவுடர், மில்க் சாலிட்ஸ், லாக்டோஸ். சோடியம் லாக்டேட், லாக்டிக் ஆசிட் இரண்டும் பெயரில் மட்டும்தான் பால், லாக்டோஸ் இல்லை. பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் 'பால், சோயா, கோதுமை உள்ளது' என்று ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கும். நேரமில்லாதபோது அதை முதலில் பாருங்கள், பாதி பாக்கெட்டுகள் அங்கேயே கழிந்துவிடும்.

எண்களாகவும் எழுதுவார்கள். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண். 1404, 1414, 1420, 1422, 1442 என்று பதினான்கு நூற்றில் தொடங்கினால் மாற்றியமைத்த மாவு. 407 கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனன்; 412, 415 கோந்துகள். பத்தியம் மூன்றையும் தடுக்கிறது. 466 (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்), 433 (பாலிசார்பேட் 80) என்ற இரண்டையும் நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். 2015-இல் எலிகளுக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் அழற்சி கூடியது. மனிதருக்கும் அப்படியே என்று அது சொல்லிவிடவில்லை, ஆனால் ஏற்கெனவே புண்ணான குடலில் பரீட்சை வைக்க எனக்கு மனமில்லை. 450, 451, 452 பாஸ்பேட்டுகள். கறியில் தண்ணீரைப் பிடித்து வைக்கப் போடுவது. உறைந்த இறாலிலும் இதைப் போடுவார்கள். வளைகுடா டின்களில் ஐ.என்.எஸ். இருக்கும் இடத்தில் 'இ' என்று இருக்கும், எண் அதேதான்.

250 என்பது சோடியம் நைட்ரைட். கறிக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் இதனால்தான் வருகிறது. மாவோ சீனியோ இல்லாததால் பத்தியக் கணக்கில் இது சிக்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றது. குடல் நோய்க்காரர் வீட்டில் இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியாது. எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு சலாமி கிடைத்தாலும் அது எங்கள் வீட்டில் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் தருவேன். ஸ்டீராய்டோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்குப் பச்சையாகத் தின்னும் பதக் கறியிலிருந்து லிஸ்டீரியா என்ற கிருமி தொற்ற வாய்ப்பு அதிகம்.

பாக்கெட் இல்லாத இடத்திலும் இதே சிக்கல். புரோட்டா கடையில் பீஃப் ஃப்ரை கேட்டால், "கார்ன்ஃப்ளவர் போட்டிருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். "கொஞ்சம்தான் அக்கா, கறி ஒட்டணும்ல" என்பார். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் தவிர்க்கிறோம். மீன் ஊறுகாயிலும் இறைச்சி ஊறுகாயிலும் சீனியைவிட முதலில் பெருங்காயத்தைப் பாருங்கள்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவும் கோந்தும் கலந்திருக்கும்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் பிள்ளை எதைத்தான் தின்பான்? நம் கடற்கரையிலேயே உப்பும் வெயிலும் தவிர வேறொன்றும் சேராத பதப்படுத்திய உணவு இருக்கிறது. நல்ல கருவாட்டில் மாவுக்கோ சீனிக்கோ வேலையே இல்லை. ஆனால் அதையும் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

திங்கள்சந்தையிலும் வடசேரியிலும் குவித்து வைத்திருக்கும் நெத்திலியில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வெள்ளி மினுங்க வேண்டும், வயிறு உடையாமல் இருக்க வேண்டும், உள்ளங்கையில் மணல் ஒட்டக் கூடாது. மணலில் போட்டுக் காய வைத்ததென்றால் எத்தனை முறை அலசினாலும் நறநறக்கும். தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய பரணில் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சாளை, அயிலை மாதிரி எண்ணெய் மீன்களில் மஞ்சள் துரு ஏறியிருந்தால் கொழுப்பு காறிவிட்டது. தடித்த மீனின் சதை மேல் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் உப்பில் வளரும் கிருமி. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. இதில் இன்னொன்று கவனியுங்கள்: சூரை, அயிலை, சாளை இவை காய வைக்கும் முன்னே நொந்துவிட்டால் ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், அது கொதிக்க வைத்தாலும் போகாது. தெரிந்த பாட்டியிடம் வாங்குவதற்கு அதுதான் காரணம். "மக்களே, இது நேத்து பிடிச்சு அன்னைக்கே உப்பு போட்டது" என்று அவர் சொன்னால் நம்பலாம். நாளைக்கும் அதே இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பார்.

வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு உப்பு உடம்பில் நீர் கோக்க வைக்கும். வயிற்றுப்போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் முள்ளுள்ள கருவாடே வேண்டாம்.

சாசேஜ் ஆசைக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. கறிக்கடையில் அரைத்து வைத்த கொத்துக்கறியை வாங்காமல், எலும்பில்லாத கோழித்துண்டு அரைக் கிலோ வாங்கி உங்கள் முன்னால் அரைக்கச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் மிக்சியில் அரையுங்கள். கறி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒன்றரைத் தேக்கரண்டி தூளுப்பு போட்டுக் கையால் அழுத்திப் பிசையுங்கள். முதலில் உதிரியாக இருக்கும். பிசையப் பிசைய விரல்களில் பசைபோல ஒட்ட ஆரம்பிக்கும். கையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. உப்பு கறியிலுள்ள புரதத்தை வெளியே இழுத்துவிட்டது என்று அர்த்தம். மாவு செய்யும் வேலையை அது செய்துவிடும். அப்புறம் மிளகு, பூண்டு, பெருஞ்சீரகம், ஒரு முட்டை வெள்ளைக்கரு. வாட்டிய வாழையிலையில் விரல் நீளத்துக்குச் சுருட்டி, இருபது நிமிடம் ஆவியில் வேக வைத்து, தேங்காயெண்ணெயில் புரட்டி எடுங்கள். என் மகன் கல்லூரிக்குக் கொண்டுபோவது இதைத்தான்.

மாட்டிறைச்சியில் உப்புக்கண்டம் போடுவதும் சுலபம். கொழுப்பு நீக்கிய துண்டை விரல் தடிமனில் நீளமாகக் கீறி, கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு வெயிலில் காய வைப்பது. மிளகாயைக் குடல் ஆறும்வரை தள்ளி வையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம் மாவட்டத்துக்கு வந்துவிடுவதால் மாசி, பங்குனியில் போட்டு வைப்பதுதான் உசிதம். மழைக்காலத்தில் கட்டாயம் வேண்டுமென்றால் வெயிலை நம்பாமல் ஓவனில் 70 டிகிரியில் காய வையுங்கள். வளைத்தால் முறிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, சமைக்கும்போது ஊற வைத்து உப்பை வடித்து, குக்கரில் நன்றாக வேக வைத்த பிறகே தாளியுங்கள்.